தொழில் சாராத மைல்கள்

ஜனவரி முப்பது.
நாளை நள்ளிரவுக்குள் கணக்கு போய்ச் சேராவிட்டால்
நூறு பவுண்டு அபராதம்.
பெரிக் நகரம் பாதி
என் மாடிப்படியில்தான் நிற்கிறது, நனைந்த கோட்டுகளோடு.

மீன் வறுக்கும் வண்டிக்காரர்
பிஸ்கட் டப்பா நிறைய ரசீது கொண்டுவந்தார்.
வினிகர் குடித்து வெளுத்த தாள்கள்.
அன்றன்றே படம் எடுத்து வையுங்கள் என்று
வருடம் தவறாமல் சொல்கிறேன்.
வருடம் தவறாமல் தலையாட்டுகிறார்.
ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து
எண்ணெய்க்கு எவ்வளவு, உருளைக்கிழங்குக்கு எவ்வளவு என்று
கைரேகை பார்ப்பதுபோல் பார்த்தோம்.

கிழட்டுக் கழுதைகளுக்கு வைக்கோல் போடும்
அறக்கட்டளையின் பொருளாளர் அம்மா
பதினான்கு பவுண்டு உதைக்கிறது என்று
மூன்று இரவாகத் தூங்கவில்லை.
கழுதை உதைத்தாலாவது தைலம் தடவலாமாம்.
தேடியதில்,
உண்டியலில் யாரோ போட்ட பழைய நாணயங்கள்;
வங்கி வாங்காத செல்லாக்காசு, சரியாகப் பதினான்கு.
செல்லாததற்கும் ஒரு வரி எழுதினோம்.
அழுதுவிட்டார், சந்தோஷத்தில்.

நான்கு மணிக்கே இருட்டிய பிறகு
ஈவர்ட் மில்பர்ன் வந்தார்.
மேஜையில் நான்கு நீல நோட்டுகள்.
"கிளெண்டாவோடது."
இறந்தவர்களும் படிவம் நிரப்ப வேண்டும்;
ஏப்ரல் ஆறிலிருந்து
மூச்சு இருந்த கடைசி நாள்வரை.

வீடு வீடாகக் கார் ஓட்டிப் போய்
முடி திருத்தியவள்.
ஐமவுத், இரண்டு பெர்ம். நார்ஹம், ஒரு சாயம்.
வூலர், படுக்கையில் கிடக்கும் கிழவருக்கு வெட்டியது, காசு வாங்கவில்லை.
ஒவ்வொன்றுக்கும் எதிரே மைல்.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு,
மைலுக்கு நாற்பத்தைந்து பென்ஸ்.
இத்தனை சுத்தமான கணக்கு
இந்தப் படியேறி வந்ததே இல்லை.

இரண்டாம் நோட்டில், ஜூன் ஒன்பது, வியாழன்:
நியூகாசில், போக வர நூற்று முப்பது.
அடுத்த வியாழனும். அதற்கடுத்ததும்.

"அது சாயம் வாங்கப் போனது" என்றார் ஈவர்ட்.
"மொத்தக் கடை அங்கேதான். அதையும் கழிக்கலாமே?"

சாயத்துக்கு ரசீது வேறு நாட்களில் இருந்தது,
தபாலில் வந்ததாக.
வியாழன்களின் பின்னால் குண்டூசியில் குத்தியிருந்தவை
ஓர் ஆஸ்பத்திரியின் கார் நிறுத்தச் சீட்டுகள்.
உள்ளங்கையால் மறைத்தேன்.
கழித்தால் அது பொய்க் கணக்கு.
கழிக்க முடியாது என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

"கிளெண்டாவே கழிக்கவில்லை" என்றேன்.
"ஓரத்தில் எழுதியிருக்கிறார், பாருங்கள்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்:
'சொந்தம்.'
"நியூகாசிலில் எங்களுக்குச் சொந்தம் யாருமில்லையே."

பிறகு என் கையை,
தட்டில் இருக்கும் பூனையை நகர்த்துவதுபோல்,
மெதுவாக நகர்த்தினார்.

நவம்பரில்தான் தெரிந்தது என்று சொன்னாளாம்,
இருவரும் சேர்ந்து டாக்டரிடம் போன அன்று.
அவளும் அப்போதுதான் கேட்பவள்போல்
அவர் கையைப் பிடித்தாளாம்.

"கூட்டுங்கள்" என்றார்.
"வரிக்கு உதவாது, ஈவர்ட்."
"கூட்டுங்கள்."
பதினெட்டு வியாழன். இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது மைல்.
ஒரு தனித்தாளில் எழுதிக் கொடுத்தேன்.
மடிக்காமல் வாங்கிக்கொண்டார்.

ஆறு பதினொன்றுக்கு அனுப்பினோம்.
ஏற்றுக்கொண்டதாக எண் வந்தது.
நோட்டுகளை ஐந்து வருடம் பத்திரமாக வைக்க வேண்டும்,
அதன்பின் கிழித்துப் போட்டாலும்
யாரும் கேட்க மாட்டார்கள் என்றேன்.
எல்லோரிடமும் சொல்வதுதான்;
வாயில் தானாக வந்துவிட்டது.

பாதிப் படி இறங்கியவர் திரும்பி ஏறி வந்தார்.
"அந்த வியாழன்களில் நான் எங்கே இருந்தேன்?"
என்னிடம் பதில் இருக்கும் என்றுதான் கேட்டார்.
அவருக்கு ஓய்வூதியம்; வேறு வரவில்லை.
நோட்டு வைக்கும் அவசியமே வந்ததில்லை.

கதவருகே
அடுத்தவர் தன் டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.