கால்

டம்ளருக்குள் போனைத் தலைகீழாகச் செருகினால்
பாட்டுக்கு இரண்டு மடங்கு குரல்.
காலை ஐந்தரை. சம்பால் வதங்குகிறது.
துரோலாக் கடைத்தெருவில், எங்கள் மளிகைக்கடையின் பின்கட்டில்
எவர்சில்வருக்குள்ளிருந்து ஒருவன் இழுத்து இழுத்துப் பாடுகிறான்.
"விடியறதுக்குள்ள யாரு இவன்?"
லாரிச் சாவியைத் தேடிக்கொண்டே தனபாலன்.
"மாஜி."
"எந்த மந்திரி?"

வங்காளத்தில் மாஜி என்றால் படகோட்டி.
எனக்கே அது தெரிய மூன்று வாரம் ஆனது.

செம்பனைத் தோட்டத்தில் நாற்பது பேர் வந்து இறங்கிய மாதம்
ஒருவன் கடைவாசலில் நின்று
"தேல் நெய்?" என்றான்.
தேளா, நெய்யா?
நெய் டின்னை எடுத்து வைத்தேன். தலையை ஆட்டினான்.
பெரிய டின்னை வைத்தேன். இன்னும் வேகமாக ஆட்டினான்.
பிறகு தானே உள்ளே வந்து
ஒரு கிலோ எண்ணெய்ப் பை தொங்கும் வெற்றுக் கொக்கியைத் தொட்டுக் காட்டினான்.
தேல், எண்ணெய்.
நெய், இல்லை.
இல்லை என்பதை நெய் என்று சொல்ல
எத்தனை பெரிய மனசு வேண்டும் ஒரு மொழிக்கு!

அன்றிரவே விலை ஒட்டும் தாளில் எழுதி ஒட்டத் தொடங்கினேன்.
குழாயில் பானி.
உப்புப் போத்தலில் நூன்.
சோற்றுப்பானையில் பாத்.
நம்ம 'ப' பாவம்,
ஒற்றை ஆளாக நாலு பேர் வேலை பார்த்தது.
ஆவியில் கழன்ற பாத்
நவனீதனின் பள்ளிச் சட்டை முதுகில் ஏறி
சபைகூடல் வரை போய்வந்தது.

பாட்டுக்கு அர்த்தம் தேடவில்லை.
ஒரு தட்டுக்கு ஒரு வரி,
அடிப்பிடித்த சட்டிக்கு முழுச் சரணம்.
கை தேய்க்கத் தேய்க்க வாய் பழகியது.
மனம் அங்கே மோன்.
சோகமாக இருந்தால் மோன் காராப்,
மனம் கெட்டுப்போச்சு,
பால் கெட்டுப்போன மாதிரி.

எட்டாம் மாதம், சம்பளச் சனிக்கிழமை.
வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தேன்.
மிண்டு பக்கத்தில் நின்ற ஷோஃபிகுலிடம் ஏதோ முணுமுணுத்தான்.
சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்கும் முன்பே
முழு வாக்கியம் வந்து காதில் விழுந்தது:
இந்தப் பொம்பளை தராசு குறைச்சல்.

என் முதல் முழு வாக்கியம்!
கட்டிப்பிடித்துக் கொள்ளலாம் போல இருந்தது அவனை.
"ஓஜோன் டிக் ஆச்சே!" என்றேன்,
எடை சரியாத்தான் இருக்கு.
மிண்டு கையிலிருந்த வெங்காயம் உருண்டு
அரிசி மூட்டைக்குப் பின்னால் போனது.
ஷோஃபிகுல் சிரித்த சிரிப்பில்
பக்கத்துக் கடை ஆ கியோங் எட்டிப் பார்த்தான்.

(ஐம்பது கிராம் குறைச்சல்தான்.
மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு திருத்தினேன்.)

ஷோஃபிகுலுக்கு ஊர் பரிசால்.
பரிசல் என்றே கடன் நோட்டில் எழுதினேன்,
ஊரெல்லாம் ஆறு என்றான், தப்பில்லை.
"கால் தேபோ" என்பான் ஒவ்வொரு தடவையும்.
நாளைக்குத் தருகிறேன்.
ஆனால் நேற்றும் அவர்களுக்குக் கால்தான்.
எந்தக் கால் என்று
பின்னால் வரும் சொல்தான் சொல்லவேண்டும்.

பெர்மிட் முடிந்த அன்று இரவோடு இரவாக
கம்பெனி வேன் வந்து ஏற்றிப் போய்விட்டது.
நாற்பத்து மூன்று வெள்ளி அறுபது காசு.
தேதிக் கட்டத்தில் கால் என்று எழுதியிருக்கிறேன்.
பின்னால் ஒரு சொல்லும் இல்லை.
நெய்.

இப்போது லயத்தில் நேப்பாளக்காரர்கள்.
நேற்று ஒரு பையன் வந்து "நூன்?" என்றான்.
யோசிக்காமல் உப்பை எடுத்து நீட்டினேன்.
அவன் முகத்தைப் பார்க்கணுமே!

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.
வேறு பாட்டு தேடவேண்டும்.
இவர்களுக்கு நேற்று வேறு, நாளை வேறாம், நிம்மதி.
நேற்று, ஹிஜோ.
நாளை, போலி.

போலியா?
கடன் நோட்டோடு அவனையே பார்த்தேன்.
"போலி, போலி" என்று உறுதியாகத் தலையாட்டுகிறான்.