தீப்பெட்டிக்குள் வந்தது

ஒடுகத்தூரிலிருந்து முதல் பஸ்.
சட்டைப் பையில் தீப்பெட்டி.
மேசைமேல் வைத்து விரலால் தள்ளித் திறந்தார் முனிரத்தினம்.
செவலை நாயின் காதுமடலில் இருந்ததாம்,
கொட்டமுத்து அளவு, அதே மினுமினுப்பு.
"இதுதான் மேடம் எம் பொண்ணக் கடிச்சது."

ரேணுகா இரண்டாம் மாடி வார்டில்.
உள்ளங்கை வரைக்கும் செம்புள்ளி,
காய்ச்சல் நேற்றுதான் இறங்கியது.

இதுவேதான் என்று சொல்ல முடியாது,
இதன் தங்கையாகக்கூட இருக்கலாம் என்றேன்.
"எதுவானா என்ன, நசுக்கிடுங்க."

நசுக்கவில்லை.
நசுக்கினால் நகக்கீறல் போதும் அவற்றுக்கு.
எட்டுக் காலில் ஒன்றின் நுனியை நறுக்கினேன்.
கசிந்தது சிவப்பில்லை, நிறமற்ற ஒரு துளி.
சாயமிட்டு, கழுவி, லென்ஸைத் திருகத் திருக
பச்சைப் பரப்பில் சிவப்புச் சிவப்பாய்
கூட்டமாக.

குடித்த ரத்தத்தோடு ஒருநாள் குடலுக்குள் இறங்கி,
குடற்சுவரில் குடியேறி, பெருகி,
சுவர் தாண்டி இந்த நிறமற்ற நீரில் மிதந்து
எச்சில் சுரப்பிக்கு ஒரு பங்கு,
சினைப்பைக்கு ஒரு பங்கு.
பட்டினி மாதங்களில் உண்ணியோடு உறங்கும்.
சூடான ரத்தம் வந்ததும்
கூடவே கண்விழிக்கும்.

உண்பதால் உண்ணி என்றோம்.
அதற்குள் உட்கார்ந்து உண்பதற்கு
நம் ஊர்ப் பேச்சில் பேரில்லை.

ஏழரைக் காலோடு அது குப்பியில் கிடந்தது.
கத்திரி வெயில். இரண்டுமுறை கரண்ட் போனது.
எட்டாம் நாள் முட்டையிடத் தொடங்கிற்று,
ஈரக் கசகசாபோல், குவியல் குவியலாய்,
முடித்ததும் சுருங்கிச் செத்தது.
முப்பது முட்டை எடுத்துப் பார்த்தேன்.
இருபத்தேழில் இருந்தது.

மறுபரிசோதனைக்கு மகளோடு வந்தவரிடம் சொன்னேன்.
"பொரிக்காத முட்டையிலியா?"
ஆமாம்.
"ஒரு சொட்டு ரத்தம் குடிக்காமயா?"
அதன் தாய் கொடுத்தது.
தாய்க்கு அதன் தாயோ, ஏதாவது ஒரு நாயோ.

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டேயிருந்தார்.
"அப்ப அதுக்கும் காய்ச்சல் அடிக்குமா மேடம்?"
அதற்குச் சொந்தச் சூடு கிடையாது,
வேலூர் வெயில் எவ்வளவோ அது அவ்வளவு.
ஆனால் சில உண்ணிகள் இதனாலேயே சாகும்.

"சாவட்டும்" என்றார்.
பாதிப் படியில் நின்று திரும்பினார்.
"அந்தத் தீப்பெட்டி? குச்சி நாலஞ்சு இருந்துச்சே."

விதிமுறைப்படி
உள்ளே இருந்ததோடு எரித்துவிட்டோம் என்றேன்.

"தீப்பெட்டியவா எரிச்சீங்க?"

ரேணுகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
வாயைப் பொத்தியது
புள்ளி மங்கிக்கொண்டிருந்த கை.