சானல் பாலத்துக் கணக்கு

முதல் பலகையை எழுதியவன் நான்தான்.
சிவப்பு எழுத்து, மூன்று ஆச்சரியக்குறி:
'தினமும் எத்தனை பேர் இங்கே குப்பை கொட்டுகிறார்கள்!
வெட்கம்! வெட்கம்!'
ஒரு வாரத்தில் பலகையின் காலடியில்தான்
குவியல் உயரமாக இருந்தது.
கோழிக்கடைத் தூவல், டயப்பர்,
கல்யாண மண்டபத்துப் பாயசக் கப்புகள்.
ஷம்னா படித்துவிட்டுச் சொன்னாள்:
"சாரே, இது அழைப்பிதழ்லா?
எல்லாரும் வாறாவ, நீங்களும் வாங்கன்னு."

பி.எட். தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு
நான் எழுதிய விடை அது.
கூட்டம் போகும் வழியே மனமும் போகும் என்று
அடிக்கோடிட்டு எழுதி
அன்றைக்கே மறந்துபோனது.
ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு
அதைக் கருங்கல் சந்தைப் பேச்சில் திருப்பித் தந்தது.

சரி, கொட்டுகிறவர்களை விடுங்கள்,
கொட்டாமல் போகிறவர்களை எண்ணுங்கள் என்றேன்.
காலை ஏழு முதல் எட்டரை.
பெயர் எழுதக் கூடாது, வண்டி எண் கூடாது,
படம் எடுக்கவே கூடாது.
ஏன் சாரே?
வெட்கப்பட்டவன் திருந்த மாட்டான்,
ராத்திரி வருவான்.
எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று
நல்லவேளை ஒருவரும் கேட்கவில்லை.

நான் சொன்னது செவ்வாய்க்கிழமை.
அவர்கள் திங்களே போய்
ரப்பர் ஷீட் காயும் கொட்டகைக்குப் பின்னால்
உட்கார்ந்துவிட்டார்கள்.

ஜெனிஷாவின் நோட்டு.
கடந்தவர் 214, போட்டவர் 7.
நாலாவது வரி:
'7.50. கறுப்புக் கவர். வேகம் குறைக்காமல் வீசினது. ஒருவர்.'
கவருக்குள் ஞாயிற்றுக்கிழமைச் சாளையின்
தலையும் செதிலும் என்பது அவளுக்குத் தெரியாது.
என் நீல ஸ்கூட்டரைத் தெரியும்.
பள்ளி வாசலில் அதன் சீட்டில் பையை வைத்துத்தான்
தினமும் ஷூ கட்டுவாள்.

வகுப்பு என்னைப் பார்க்கவில்லை.
நாற்பத்தொரு தலைகளும் நோட்டுக்குள்.
ஒருவர்.
அந்தச் சொல்லை எவ்வளவு கவனமாக எழுதியிருந்தாள்,
கடைசி எழுத்தின் புள்ளி
தாளைத் துளைத்திருந்தது.

காரணங்கள் வரிசையாக வந்து நின்றன:
பஞ்சாயத்து வண்டி வருவதில்லை,
நான் ஒருத்தன் நிறுத்தி என்ன,
மீன் கழிவு மீனுக்குத்தானே.
ஒவ்வொரு காரணத்துக்கும் உளவியலில் என்ன பெயர் என்றும் தெரியும்;
அதற்கும் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
"நாலாவது வரி நான்" என்றேன்.
யாரோ பேனாவை மூடிய சத்தம்.
அஜின் மட்டும்
"அறியும் சாரே" என்றான்.

புதுப் பலகை கறுப்பு. எண்கள் சாக்பீஸில்.
'நேற்று கடந்தவர் 214. போடாமல் போனவர் 207.'
மறுவாரம் 211, 206.
பெரிய முகூர்த்தத்துக்கு மறுநாள் எண் சரிந்தது.
அழிக்கவா என்றார்கள். வேண்டாம் என்றேன்.
ஒருவர் வண்டியை நிறுத்தி, எண்ணைப் படித்து,
கவரை மறுபடி ஹாண்டிலில் மாட்டிக்கொண்டு போனார்
என்று நோட்டில் இருக்கிறது.
நான் வாழை மூட்டில் குழி வெட்டுகிறேன்.
பக்கத்து வீட்டு நாய் தோண்டுகிறது.
மூடுகிறேன்.

ஜூனில் பேச்சிப்பாறையில் திறந்தார்கள்.
மூன்றாம் நாள் இங்கே வந்த தண்ணீர்
நாங்கள் எண்ணாத ஊர்களையெல்லாம் கூட்டி வந்தது.
தெர்மாகோல், மருந்துக் குப்பி, ஒற்றைச் செருப்பு,
பாலத்தூணில் மோதி அடைந்து
நுரையோடு சுழன்றது.
மேலே பலகையில் 219, 216.
பொய்யில்லை அது.

"சாரே, மேல உள்ளவியள ஆரு எண்ணுவா?"

தெரியாது மக்கா என்றேன்.

சனிக்கிழமை காலை
பாலத்தடியில் ஏழெட்டு சைக்கிள்கள்
சானல் கரையில் வடக்கு பார்த்து நின்றன.
ஒன்றின் கேரியரில்
சாக்பீஸ் பெட்டி கட்டியிருந்தது.