ஒன்பதாவது விரல்

ஆசாரிபள்ளம் பெரியாஸ்பத்திரியில்
காப்பீட்டுப் பிரிவு என்பது ஒரு மேசை,
ஒரு கணினி, கால் ஆடும் மூன்று நாற்காலி,
மழை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி.
மேசைக்குப் பின்னால் நான்.
ஒப்பந்தம் பதினோரு மாதம். சம்பளம்,
கார்டுக்குரிய வரம்பைவிடக் கொஞ்சம் கூட.

இதயம் என்றால் ஒரு எண்.
இடுப்பெலும்பு என்றால் ஒரு எண்.
எண்ணுக்கு நேரே ஒரு தொகை.
எட்டாவது மாதமே
எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது மனித உடம்பு.

பெஞ்சில் இருப்பவர்கள் சும்மா இருப்பதில்லை.
மைத்துனனுக்குத் துணை வந்த ரசலையன்,
குலசேகரத்தில் ஆறு ஏக்கர் ரப்பர், சொல்கிறார்:
"குடிச்சு குடிச்சு ஈரலக் கெடுப்பான் ஒருத்தன்.
அதுக்கு எனக்க வரியா?
ஓசின்னா எவனுக்கும்
ஒடம்புமேல பயம் வராது, கேட்டியளா."

முட்டத்துத் ததேயுஸ், வலதுகையில் கட்டு:
"ஓய், பயந்தவன் கடலுக்குப் போவானா?
ஒமக்கு மீன் எப்பிடி வரும்?
நான் கேக்கது வேற.
கார்டு தந்து தனியார்க்காரனுக்குப்
பணம் கெட்டுகத விட
இங்க கெடக்க ஸ்கேன் மெஷின நன்னாக்கினா என்ன?
பத்து நாளா ரிப்பேரு."

"நன்னாக்கினா ஓட்டதுக்கு ஆளு?"
"ஆள வைக்கணும்."
"சம்பளம்?"
"ஒமக்க வரி."

பெஞ்சே சிரித்தது. ரசலையனும்.
நான் குனிந்துகொண்டேன்.
மேசைக்கு இந்தப் பக்கம் கருத்து கூடாது என்று
பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

அடுத்தது லில்லிபாய்.
கருங்கல் பக்கம் அண்டி ஆபீசில் முப்பத்தொரு வருஷம்.
ரேஷன் அட்டை, வருமானச் சான்று,
வி.ஏ.ஓ. கையெழுத்து
எல்லாம் ஜவுளிக்கடைப் பையில் வரிசையாக.
இதய வால்வு ஒன்று சரியாக மூடவில்லை.
கடிதத்தில் 'அவசரம்' என்று எழுதி
டாக்டர் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.
அவசரத்துக்கு மென்பொருளில் ஒரு கட்டம் உண்டு.
கோடுகளுக்கு இல்லை.

"விரலை வையுங்க."
சிவப்பு.
"வேற விரல்."
சிவப்பு.

வறுத்த அண்டியைத் தல்லும்போது தெறிக்கிற எண்ணெய்
தோலை உரித்துக்கொண்டே இருக்கும்.
சாம்பல் பூசிப் பார்த்திருக்கிறார்,
தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்திருக்கிறார்.
ரேகை அந்தக் கையில் வேர் பிடிக்கவில்லை.
மெஷினுக்கு அது வெள்ளைத்தாள்.

"நான் இல்லண்ணு சொல்லுதா பிள்ளே?"

ஈரத்துணியால் துடைத்தேன்.
என் துப்பட்டாவில் ஒற்றினேன்.
நாலு. ஐந்து. ஆறு.
ரசலையன் எழுந்து வந்து
"அமுக்காண்டாம், பைய வையி" என்றார்.
ததேயுஸ் கட்டில்லாத கையால்
மேசையை ஆடாமல் பிடித்துக்கொண்டார்.
ஏழு.
எட்டு.
வாளியில் சொட்டு விழுவது கேட்டது.

ஒன்பதாவது, இடதுகை மோதிரவிரல்.
கல்யாணமான முதல் வருஷம் மட்டும் மோதிரம் கிடந்தது.
பிறகு அதிகம் வேலையில்லாமல்
ஒதுங்கியே இருந்த விரல்.

பச்சை.

லில்லிபாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
யாரோ புதிதாக வந்து ஒட்டிக்கொண்டதுபோல.
"இனி இதுக்கு ஒண்ணும் ஆகப்பிடாது" என்றார்.
திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது
அதை எங்கே வைத்துவிட்டுப் போவார்?

ஒப்புதல் இன்னும் வரவில்லை.
'பரிசீலனையில்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது.
பெஞ்சில் மறுபடியும் தொடங்கிவிட்டார்கள்:
களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போனால்
கார்டு செல்லுமா,
செல்லாது, செல்லணும், எதுக்குச் செல்லணும்.

ஐந்தரைக்கு நான் கிளம்பும்போது
வருகைப்பதிவு மெஷினில் பெருவிரலை வைத்தேன்.
முதல் தடவையே பச்சை.
வெட்கமாக இருந்தது.