முந்நூற்று எண்பது

எல்கோய்பாரில் திங்கட்கிழமை.
இங்கே தூறலுக்குப் பெயர் சிரிமிரி.
குடை விரித்தால் வெட்கம்,
விரிக்காவிட்டால் சளி.
நனைந்த பெட்டியோடு பட்டறைக்குள் போகிறேன்.
பெட்டிக்குள் இரண்டு மஞ்சள் தண்டுகள்.
ஒன்று பேசும், மற்றது கேட்கும்.
பேச்சு யார் கண்ணிலும் படாது.

நூற்றறுபது டன் பிரஸ்.
அதன் வாயெதிரே மத்தாலென், பதினோரு வருடமாக.
இரு கையாலும் சேர்த்து அமுக்க வேண்டிய
இரண்டு பொத்தான்களில்
ஒன்றின் மேல் டேப்,
அழுக்கேறி, ஓரம் சுருண்டு.
யார் ஒட்டியது என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.
கிழித்து உருட்டிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சோமின் மேற்பார்வையாளர், அவசரக்காரர்.
வெள்ளிக்கிழமையே துளை போட்டுவிட்டார்,
அச்சிலிருந்து இருநூற்று எண்பது மில்லிமீட்டரில்.
"காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது."
இருக்கும்.
எந்திரம் புதிதாய் வந்த நாளில் எழுதிய காகிதம்.
பிரேக்குக்கு வயதாகும்,
காகிதத்துக்குத்தான் ஆகாது.

இறங்கும் இரும்பை நடுவழியில் நிறுத்தி
நிறுத்தி அளந்தேன், பத்து முறை.
பத்தில் மோசமானதுதான் கணக்குக்கு உதவும்:
நொடியை ஆயிரமாய் நறுக்கினால்
நூற்றுத் தொண்ணூறு துண்டு.
கை நொடிக்கு இரண்டு மீட்டர் பாயும் என்கிறது சூத்திரம்,
யாருடைய கை என்று கேட்பதில்லை.
பெருக்கினேன்.
முந்நூற்று எண்பது.

"பத்து சென்டிமீட்டர்தானே?" என்றார் சோமின்.
ஆமாம்.
ஓர் உள்ளங்கையின் அகலம்.

மத்தாலெனுக்கும் கோபம்.
"நாளைக்கு நாலாயிரம் துண்டு.
இவ்வளவு எட்டி வைத்தால்
என் இடுப்பை யார் வாங்கித் தருவது?"
நியாயம்.
அதற்கான ஸ்பேனர் என்னிடம் இல்லை.
நகரும் தட்டு ஒன்று வேண்டும் என்று
சோமினின் நோட்டில் எழுதினேன்.
எழுதியதோடு சரி.

புதுத் துளை. புது போல்ட்.
கேபிள் முனை இரண்டும் ஒரே பக்கம்,
ஒன்று தலைகீழானால்
முதல் கதிர் கடைசிக் கண்ணைத் தேடி அலையும்.
திருகைத் தளர்த்தித் தண்டைத் திருப்ப
சிவப்பு,
மயிரிழை வலப்பக்கம், பச்சை,
இன்னும் கொஞ்சம், மறுபடி சிவப்பு.
பச்சை பிறக்கும் இடத்திலும்
சாகும் இடத்திலும் பென்சில் கோடு போட்டு
நடுவில் நிறுத்தி இறுக்கினேன்.
விளிம்பில் கிடைத்த பச்சையை நம்பக் கூடாது,
தெருவில் லாரி போனாலே சிவந்துவிடும்.

பிறகு சோதனைக் கோல்.
கறுப்பு, பதினாலு மில்லிமீட்டர்,
ஏறக்குறைய ஒரு விரல்.
மேலிருந்து கீழாக மெதுவாய் இறக்கினேன்.
சிவப்பு, சிவப்பு, சிவப்பு,
கீழே, சறுக்குத் தகட்டின் பக்கத்தில்

பச்சை.

கோல் உள்ளேதான் இருக்கிறது.
பச்சை.
எங்கோ கம்ப்ரசர் ஓடி நின்றது.
சோமின் பேச வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

அது துருப்பிடிக்காத எஃகுத் தகடு.
வெள்ளிதோறும் மத்தாலென் துடைத்துத் துடைத்து
முகம் பார்க்கலாம் என்ற அளவுக்குப் பளபளப்பு.
வாசலை அடைத்தோம் என்றிருந்தேன்,
பக்கத்துச் சுவரேறிக் குதித்துப்
போய்ச் சேர்ந்திருக்கிறது ஒளி.

"துடைத்தது தப்பா?"
தப்பில்லை என்றேன்.
வேறென்ன சொல்வது?
மினுக்கமில்லாத கறுப்புப் பூச்சை
அவள்தான் பூசினாள்.
தூரிகையை என்னிடம் தரவில்லை.
நெற்றி மறைந்தது, மூக்கு மறைந்தது,
கடைசியில் கன்னத்து மச்சம்.

காய்ந்ததும்
கோலையும் அவளே வாங்கிக்கொண்டாள்.
மேலே, நடுவே, கீழே,
தகட்டோரம் மட்டும் மூன்று தடவை.
சிவப்பு.

மாலை ஷிப்டின் முதல் அடி.
இரும்பு இறங்கத் தொடங்கியதும்
மணிக்கட்டு வரை மட்டும் கையை நீட்டினாள்.
புஸ்ஸென்று காற்றை விட்டு
அந்தரத்தில் நின்றது நூற்றறுபது டன்.
உடனே எடுத்திருக்கலாம் கையை.
எடுக்கவில்லை.

பேருந்தில் சில்லறை தேடினேன்.
டேப் உருண்டை வந்தது,
இருபது சென்ட் நாணயத்தைக் கவ்விக்கொண்டு.
பின்னால் ஆட்கள், ஈரக் குடைகள்.
ஓட்டுநர் காத்திருந்தார்.
நகத்தால் பிரிக்கப் பிரிக்க
விரலில் ஒட்டிக்கொண்டது.