காலி பஸ் பொய்யல்ல

தார்த்துவில் புதன்கிழமை, மாலை ஆறரை.
கீழே என் சைக்கிள் கடை,
மேலே எனக்கு உதவாத ஓர் அறை.
வாடகை வேண்டாம், எனக்கும் ஒரு நாற்காலி போடு
என்று கெர்த்துவிடம் பேசி முடித்திருந்தேன்.
அவளுக்கு இருபத்து மூன்று வயது.
மாணவர் நால்வரில் சின்னவருக்கே நாற்பத்தொன்று.

இத்தனை அடைப்புக்குறிகளை எவன் எண்ணுவான்?
முதல் வாரம் முழுக்க இதே கேள்விதான்.
நீங்கள் எண்ண வேண்டாம், எடிட்டர் எண்ணும் என்றாள்.
ஊர்வே நம்பவில்லை.
ஒவ்வொரு மூடலுக்கும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள்,
பால் ஆய்வகத்தில் குப்பிகளுக்கு வைப்பதைப் போல.

கூட்டல் குறி ஏன் முன்னால் போய் நிற்கிறது
என்று நான் கேட்டேன்.
(+ 2 3 5 8) என்று எழுதிக் காட்டினாள்.
எத்தனை எண் வந்தாலும் ஒரே குறி.
சிக்கனம் எனக்குப் பிடிக்கும்.
சண்டையை அங்கேயே விட்டுவிட்டேன்.

அப்புறம் அந்த ஒற்றை மேற்கோள்.
சொல்லின் தலைமாட்டில் ஒரு சின்னக் கீற்று,
எதற்கு அது?
மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள் கெர்த்து.
ஒருத்தருக்கும் ஏறவில்லை.
மாரெத்துக்கு நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து வேலை.
அதுவரை வாய் திறக்காதவள் சொன்னாள்:
"அவனை நான்தான் வெட்டினேன் என்று
போன செவ்வாய்க்கிழமை தட்டச்சு செய்தேன்.
நான் யாரையும் வெட்டவில்லை.
அதுதானே?"
ரேடியேட்டர் மட்டும் கொஞ்ச நேரம் முனகியது.
அதுதான், என்றாள் கெர்த்து.

ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தால்
பிறகு மாற்றக்கூடாதாம்.
"என் பால் புளித்துவிட்டால்?" ஊர்வே விடவில்லை.
"காலைப் பால் காலைப் பாலாகவே இருக்கட்டும்.
புளித்ததற்கு வேறு குப்பி, வேறு பெயர்."
குறித்துக்கொண்டாள்.
தலை நிமிராமலே சொன்னாள்,
"விவாகரத்து ஆனபோது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை."

ஹில்லார் பஸ் ஓட்டுகிறவர்.
"சுற்று எங்கே? ஒரு நாளைக்குப் பதினோரு சுற்று போகிறவன் நான்,
இதில் சுற்றே இல்லையே!"
"வரிசையில் முதல் ஆளை ஏற்றுங்கள். மீதி என்ன?"
"மீதி ஆட்கள்."
"இல்லை. மீதியும் ஒரு வரிசை."
அவர் எழுதினார், நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு விரலால்.
லேப்டாப்பின் விசிறி இரைய ஆரம்பித்தது.
ஆளே இல்லாத வரிசையின் மீதி
ஆளே இல்லாத வரிசை,
அதன் மீதி, அதன் மீதி,
கடைசியில் சிவப்பு எழுத்தில் ஒரு வசவு.
ஹில்லார் சிரித்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது.
"டிப்போவை எழுத மறந்துட்டேன்."

காலிப் பட்டியலும் பொய்யும் ஒன்றா?
இதைக் கேட்டது யாரென்று நினைவில்லை.
சில கிளைமொழிகளில் ஒன்று, சிலவற்றில் இல்லை,
ஏனென்று எனக்குச் சரியாகத் தெரியாது என்றாள் கெர்த்து.
ஹில்லாருக்குத் தெரிந்திருந்தது.
"காலி பஸ் பொய் பஸ் இல்லை.
ராத்திரி பதினொன்றே முக்கால், கொட்டும் பனி,
உள்ளே ஒரு ஈ காக்கை கிடையாது.
ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவைத் திறந்து மூடுகிறேன்.
அந்த பஸ் ஓடுகிறது, அம்மா."

கடைசியாக என் முறை.
பழுது பார்த்தும் பணம் வராத சைக்கிள்கள் எத்தனை?
வடிகட்டு, எண்ணு.
தட்டிவிட்டு என்டரை அழுத்தினேன்.
விடை இல்லை. பிழை என்றும் சொல்லவில்லை.
எல்லோரும் கோட்டு, மேல்கோட்டு, கழுத்துத் துணி என்று
அடுக்கடுக்காக மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.
நானும் கீழே போனேன்,
ஒரு ட்யூபுக்கு ஒட்டுப் போட்டேன்,
கிரீஸ் போகக் கை கழுவினேன்,
திரும்பி வந்தேன்.
திரையில் அந்தச் சின்னக் கோடு
இன்னும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது,
நான் ஏதோ பாதியில் நிறுத்திய பேச்சை
முடிப்பேன் என்று.

ஒரே ஒரு மூடல்.
)
17.

அது எனக்கு முன்பே தெரியும்.
உத்தரத்துக் கொக்கிகளில்தானே தொங்குகின்றன.
ஆனால் எண்ணாகப் பார்த்தபோதுதான் உறைத்தது,
அதில் அந்த நீலம் ஊர்வேயுடையது.
பழைய பட்டியலைத் தொடவில்லை.
அது இல்லாமல் புதிதாக ஒன்று எழுதி
வேறு பெயர் வைத்தேன்.
16.