கண்டறியும் வரம்புக்குக் கீழே

செவ்வாய்க்கிழமை மின்தடை.
தருமபுரி நீர்ப் பரிசோதனைக் கூடத்தில்
கருவி கண்மூடியதும்
வேடியப்பன் டிபன் டப்பாவைத் திறந்தபடி
கடவுளை இல்லாமல் ஆக்கத் தொடங்கினான்.

நடுகல் சாமியின் பெயரை
நாற்பத்தொரு வருடமாய்ச் சுமக்கிறவன்.
அவன் கையெழுத்துப் போடும்போதெல்லாம்
சலேத்மேரிக்குச் சிரிப்பு.
"எங்கப்பன் வச்ச பேரு" என்பான்.
"அது ஆதாரம் இல்லக்கா, விலாசம்."

உண்டு என்கிறவர்தான் காட்ட வேண்டும் என்றான்.
எதற்கும் ஒரு காரணம் வேண்டாமா
என்றாள் கோவிலூர்க்காரி.
குழாய்க்கு மேல் தொட்டி,
தொட்டிக்கு ஒகேனக்கல்,
ஒகேனக்கல்லுக்கு மழை.
மழைக்கு?
"கடல். கடலுக்கு மறுபடி மழை.
வட்டத்துக்கு எதுக்கு மேஸ்திரி?"
"வட்டமே எதுக்குன்னு கேக்கறேன்."
"உன் ஆள் எதுக்குன்னு நானும் கேப்பேன்."
"அவர்கிட்ட கேள்வி நின்னுடும்."
"எனக்கு மழைகிட்டயே நின்னுடுது. ஒரு படி மிச்சம்."
ஊறுகாய் கைமாறியது.

பிறகு அவள்
மேசைமேலிருந்த சிவப்புக் கரைசலைக் காட்டினாள்.
ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை.
சிவப்பில் கலந்தால் சிவப்பு வெளிறும்.
எவ்வளவு வெளிறுகிறதோ அவ்வளவு இருக்கிறது.
"காணாமப் போனதை வச்சுத்தானே
நீயும் கண்டுபிடிக்கிற?
எங்க வீட்டுக்காரர் போன வருசம்
என் பயம் வெளிறிப் போச்சு.
அதுக்கு என்ன பேரு எழுதுவ?"

வேடியப்பன் கொஞ்ச நேரம் மென்றான்.
"வெளிறினது நெசம்தான்.
ஆனா இந்தக் கரைசல்
நீ ஊத்தினாலும் நான் ஊத்தினாலும்
பென்னாகரத்துலயும் பெங்களூர்லயும்
ஒரே அளவு வெளிறும்.
உன்னுது உன் கையில மட்டும்."
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
"பாறைக்குள்ள இதைக் கலந்ததும் அவர்தானே?
பத்து வயசுல முழங்கால் வளையுது பிள்ளைக்கு.
எந்தக் கணக்குல?"

அவள் பேசவில்லை.
தயிர்சாதத்திலிருந்து ஒரு மிளகாயை ஒதுக்கினாள்.
பதில் இல்லாமல் போவதும் தோற்பதும் ஒன்றுதானா
என்று நான் யோசிக்கும்போது
இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.
"மதில்மேல் பூனை" என்றான் அவன்.
"வெந்தும் வேகாதது" என்றாள் அவள்.

பதிவேட்டை எடுத்துப் போட்டேன்.
ஆர்சனிக் கட்டத்தில்
பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட
இல்லை என்று நான் எழுதியதில்லை.
'கண்டறியும் வரம்புக்குக் கீழே.'
பயந்து எழுதுவதில்லை.
என் அளவுகோலில் கடைசிக் கோடு எதுவென்று
எனக்குத் தெரியும்.

"அப்போ இந்தப் பாட்டில்ல எருமை இருக்கான்னா?"
"எருமைக்கு என் கண்ணே போதும். இல்லைன்னு எழுதுவேன்."
"வேண்டிக்கிட்டா மழை கொடுக்கிறவர்?"
"பாலக்கோட்டு மழைக்கணக்கு என்கிட்ட இருக்கு."
"இருந்து?"
"அவரும் எருமைதான்."
"அப்போ மிஞ்சறது கோட்டுக்குக் கீழ ஒரு துளி.
அவ்வளவு சின்னவரை எதுக்குக் கும்பிடறது?"

மாட்டிக்கொண்டேன். சிரித்தும்விட்டேன்.
சலேத்மேரி டப்பாவை மூடினாள்.
"சின்னவரா இருந்தா
யாராச்சும் பாத்துக்கணும் இல்ல."

அது வாதமே இல்லை.
எந்த இடத்தில் தப்பு என்று
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மின்சாரம் வந்தது. கருவி சூடாக அரைமணி நேரம்.
ஏரியூரிலிருந்து மாதி வந்திருந்தாள்,
கலர் சோடா பாட்டிலில் கிணற்றோடு.
மூன்று புள்ளி நான்கு.
வேடியப்பன் படித்தான்,
சலேத்மேரி முத்திரை குத்தினாள்,
நான் கையெழுத்திட்டேன்.
"குடிக்கலாமா?"
"கூடாது." மூன்று பேரும் சேர்ந்தே சொல்லிவிட்டோம்.
"அப்ப எதைக் குடிக்கிறது?"

வேடியப்பன் சுவரைப் பார்த்தான்.
சலேத்மேரி முத்திரையைத் துடைத்தாள்.
நான் படிவத்தைப் புரட்டினேன்.

பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக்
கொட்டாமல் மூடியைத் திருகி
பைக்குள் வைத்துக்கொண்டு
அவள் பஸ்ஸுக்குப் போனாள்.